புறங்கையில் ஆறு வளையங்கள்

எங்கள் குடிநீர்ப் பிரிவின் விளக்கறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் காவலாளியே விழிப்பார். சந்தேகக்கா என்று கேட்டால் வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிகாட்டும்.

விளக்கறையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, சுவர் முழுக்க அலமாரி, மூலையில் மணல் நிரப்பிய இரும்பு வாளி. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக ஆணிகள். குழாய்க்குள் போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு டார்ச்சை வாங்கிக்கொள்ள வேண்டும். டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தால்தான் வில்லை கைக்கு வரும். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். எல்லா ஆணிகளும் காலியாகும்வரை சந்தேகக்காவுக்குச் சாப்பாடு இறங்காது.

நீர்த்தேக்கத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய எஃகுக் குழாய் அது. ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். சிமெண்டுக் கால்களின் மேல் ஏறி, பள்ளம் மேடெல்லாம் கடந்து வருகிறது. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு பகுதியாகத் தண்ணீரை வடித்துவிட்டு, ஆட்கள் உள்ளே நடந்து தகடுகளைப் பற்றவைத்து இணைத்த இடங்களைச் சோதிப்பார்கள். விரிசல் என்பது அங்கே மயிரிழைதான். சாதாரண டார்ச்சை அடித்தால் சுவர் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். வலுவான ஒளியைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடிக்கும்போதுதான் விரிசலின் ஓரம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அதற்காகவே குழுத் தலைவர் கையில் ஒரு பெரிய டார்ச் இருக்கும். மூன்று லித்தியம் பேட்டரிகள் போட்டது. மற்றவர்களுக்கு நெற்றியில் கட்டும் சின்ன விளக்கு போதும்.

அந்தப் பெரிய டார்ச்சுக்குப் பேட்டரி தேர்ந்தெடுப்பது சந்தேகக்காவின் வேலை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பள்ளம்தான் சொல்லிக் கொடுத்தது.

விளக்கறைச் சுவரில், அலமாரிக்கு எதிரே, ஒரு கட்டைவிரல் ஆழத்துக்கு அந்தப் பள்ளம் இருக்கிறது. அவள் வேலைக்கு வந்த புதிதில், மேஜைமேல் சும்மா வைத்திருந்த டார்ச் ஒன்று வெடித்து, அதன் பின்மூடி போய்ப் பதிந்த இடம். அப்போது அறையில் யாரும் இல்லை. சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் அதைப் பூசப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. "அது அப்படியே இருக்கட்டும். அதைப் பார்த்தாத்தான் எனக்குப் புத்தி வரும்" என்றாள்.

வெடித்த டார்ச்சுக்குள் இருந்தவை, சாமான் கொண்டுவந்து விற்கும் ஒருவர் கொடுத்த பேட்டரிகள். அவற்றின்மேல், சேர்த்துவைக்கும் மின்சாரத்தின் அளவு பத்தாயிரம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த அளவு உருளைக்குள் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் அடைக்கவே முடியாது. அன்றிலிருந்து அவருக்கும் பத்தாயிரம் என்றே பெயராகிவிட்டது. மனுஷர் கோபித்துக்கொள்ளாமல் இன்னமும் வருகிறார்.

"அக்கா, போன தடவை மாதிரி இல்ல. இது ஒரிஜினல். பத்தாயிரம் போட்டிருக்கு பாருங்க."

"போட்டிருக்கறது தெரியுது. உள்ள இருக்கான்னுதான் தெரியல."

"நம்பிக்கைதானேக்கா வாழ்க்கை?"

"வாழ்க்கைக்குச் சரி. பேட்டரிக்குத் தராசு இருக்கு."

சின்னத் தராசில் ஒன்றை நிறுத்துவாள். நல்ல பேட்டரி எழுபது கிராமை ஒட்டி நிற்கும். பத்தாயிரத்தின் பேட்டரி அதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும். "என்னண்ணே, பட்டினி போட்டு வளர்த்திருக்கீங்களா?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

எண் பெரியதாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் குழாய் ஆட்களிலும் உண்டு. நாலாயிரம் என்று போட்ட பேட்டரியை அவள் வாங்கியபோது முணுமுணுத்தார்கள். அவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வாள்: "குடம் பெருசா இருந்து வாய் ஊசி மாதிரி இருந்தா அவசரத்துக்குத் தண்ணி வருமா? இந்த டார்ச்சு ஒரே மூச்சுல குடிக்கிற ஜாதி. அதுக்கு வாய் அகலமான குடம் வேணும்." நிறைய மின்சாரத்தைச் சூடாகாமல் கொடுக்கும் பேட்டரிக்குள் கொஞ்சம் குறைவாகத்தான் சேர்த்துவைக்க முடியும். இரண்டும் ஒருசேர வேண்டும் என்பவன் பத்தாயிரத்தின் வாடிக்கையாளன். நல்ல தயாரிப்பாளரின் பேட்டரி என்று தெரிந்த பிறகும், வாங்கிய மூன்றையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, தனியே எடுத்து வைத்து, சில நாள் கழித்து அளந்து பார்ப்பாள். எதுவும் செய்யாமல் கிடக்கும்போதே இறங்குகிற பேட்டரி அவளுக்கு ஆகாது. தேறிய மூன்றுக்கும் அடியில் ஒரே நிறத்தில் பொட்டு வைப்பாள். பிறகு அவை ஒன்றாகவே சார்ஜ் ஏறும், ஒன்றாகவே உள்ளே போகும். பச்சைப் பொட்டு ஒரு குடும்பம், சிவப்புப் பொட்டு ஒரு குடும்பம். சம்பந்தம் கலக்க விடமாட்டாள்.

இத்தனை பார்த்தும் பயம் போனதில்லை. வாய் அகலமான குடம் கவிழ்ந்தால் வெள்ளமும் அதே வேகத்தில்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெரிய டார்ச்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவது யாரோ ஒருத்தி என்றால் சந்தேகக்காவுக்குப் பயம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். போவது அவளுடைய நாத்தனார். சந்தேகக்காவின் கணவர் லாரியில் ஊர் ஊராகப் போகிறவர். வீட்டில் பெரும்பாலான நாட்கள் அண்ணியும் நாத்தனாரும்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் நாத்தனார் சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். குழாய்ச் சுவரைத் தட்டிக் கேட்டே உள்காயத்தைச் சொல்லிவிடும் காது அவளுக்கு. பயம் என்பது மற்றவர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்பதுபோல நடந்துகொள்வாள்.

"எங்க அண்ணி போன் சார்ஜ் போட்டாக்கூட பக்கத்துல உட்கார்ந்து குழந்தைக்குத் தொட்டில் ஆட்டற மாதிரி பார்த்துட்டிருப்பாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்வாள்.

"சிரி, சிரி. உனக்கு ஒண்ணுன்னா உங்கண்ணனுக்கு நான்தானே பதில் சொல்லணும்."

"அண்ணனுக்கா? அவருக்கு லாரி டயரு நல்லா இருந்தா போதும்."

இனி அந்த மழைநாள்.

பேட்டரியின் உலோக உடம்பு முழுவதும் ஒரு முனை. தலையில் நடுவே இருக்கும் சின்னக் குமிழ் மட்டும் எதிர்முனை. இரண்டுக்கும் இடையே ஒரு நகக்கண் அளவுகூட இடைவெளி கிடையாது. அவை ஒன்றையொன்று தொடாமல் காப்பது இரண்டே பொருள்: தலையில் ஒட்டும் ஒரு வெள்ளைக் காகித வளையம், அதன்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. டார்ச்சின் உள்விளிம்பு உரசி உரசி உறை கிழியும். உள்ளே பேட்டரி நன்றாக இருந்தால், கிழிந்த உறையை உரித்துவிட்டுப் புது உறை போடுவாள். உரிக்கும்போது பழைய வளையமும் உறையோடு போய்விடும். புது வளையம் வைக்க மறந்தால் சுவரில் இன்னொரு பள்ளம்தான்.

மறக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தாள். எத்தனை பேட்டரியோ அத்தனை வளையங்களைப் பசைப்பக்கம் கீழே இருக்க இடது புறங்கையில் முதலிலேயே ஒட்டிக்கொள்வாள். உரித்த பேட்டரிகளை மரக்கட்டையில் போட்ட குழிகளில் தலைகீழாக நிறுத்துவாள், தலையில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று. ஒவ்வொன்றாக எடுத்து, கையிலிருந்து ஒரு வளையத்தைப் பிய்த்து ஒட்டி, மறுபடி தலைகீழாக வைப்பாள். புறங்கை காலியானால் எல்லாத் தலைக்கும் வளையம் ஏறிவிட்டது. அதற்கப்புறம்தான் உறை. இந்த முறை ஒருநாளும் அவளை ஏமாற்றியதில்லை.

அன்று ஆறு பேட்டரிகள். பச்சைக் குடும்பம் மூன்று, சிவப்புக் குடும்பம் மூன்று. வேலை நடுவில் சாரல் மேஜைவரை அடித்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். குளிர் எடுத்ததால் நாற்காலியில் கிடந்த முழுக்கை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். புறங்கையைப் பார்த்தாள். காலி. சரி, வளைய வேலை முடிந்தது என்று உறைகளைக் கையில் எடுத்தாள். வழக்கமாகப் போடும் நீல உறை தீர்ந்து போயிருந்தது. வெள்ளை உறை போட்டாள். சூடான காற்றை ஊதும் கருவியைக் காட்டியதும் உறைகள் சுருங்கிக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டன. தலைகளைப் பார்த்தாள். எல்லாம் வெள்ளையாக, ஒழுங்காக இருந்தன.

மறுநாள் காலையில் நாத்தனார் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு ஜன்னலில் சாய்ந்தாள். பச்சைப் பொட்டுப் பேட்டரிகள் மூன்றும் டார்ச்சுக்குள். சிவப்புப் பொட்டு மூன்றும் உதிரியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். டார்ச்சை எரியவிட்டு, அதன் உடம்பு இளஞ்சூடாகும்வரை தன் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் சந்தேகக்கா கொடுப்பாள். அது அவளுடைய பழக்கம். வரிசையில் நிற்பவர்களுக்கு அது எரிச்சல்.

"போதும் அண்ணி. கோழி அடைகாக்கற மாதிரி எவ்வளவு நேரம்?"

"இந்தா. உதிரி டப்பாவோட இருக்கட்டும். வெளியே எடுக்காதே."

"இந்த டப்பா தொடையில இடிக்குது அண்ணி."

"இடிச்சா வலிக்கும், அவ்வளவுதான். போய்ட்டு வா."

நாத்தனாரும் மற்ற இரண்டு பேரும் சைக்கிளில் குழாயின் திறப்பை நோக்கிப் போனார்கள்.

மழை விட்டு வெயில் ஏறியது. அறைக்குள் புழுங்கத் தொடங்கியது. நேற்றைய மடிப்போடு மறுபடி மாட்டியிருந்த ஸ்வெட்டரைச் சந்தேகக்கா கழற்றி உதறி, இடது கையின் மடிப்பைப் பிரித்தாள். மடிப்புக்குள், கம்பளி நூலில் ஒட்டிக்கொண்டு, ஒரு வெள்ளை வளையம் இருந்தது.

சில நொடிகள் அது என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

கை காலியானது வேலை முடிந்ததால் அல்ல. ஸ்வெட்டரின் கை புறங்கையைத் தாண்டி ஏறும்போது கடைசி வளையத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஆறில் ஒரு பேட்டரி வளையமில்லாமல் போயிருக்கிறது. வெள்ளை உறை வெள்ளை வளையம்போலவே தலையைச் சுற்றி மடிந்து, அவள் கண்ணையும் ஏமாற்றிவிட்டது. எந்தப் பேட்டரி? கடைசியாகக் கையில் எடுத்தது பச்சையா, சிவப்பா? எத்தனை யோசித்தும் மழைச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

சுவர்ப் பள்ளத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

வெறும் உறை மட்டும் எத்தனை நேரம் தாங்கும்? உரசாமல் இருந்தால் நாள் முழுக்கத் தாங்கலாம். நாத்தனாரோ டார்ச்சைச் சுத்தியல் மாதிரி வீசி நடப்பவள். போனை எடுத்தாள். குழாய்க்குள் சிக்னல் போகாது என்று தெரிந்தும் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. அந்த நிதானத்தின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. அறையைப் பூட்டினோமா என்றுகூடப் பார்க்காமல், ஒரு சின்ன டார்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். பூட்டைச் சந்தேகப்படாமல் அவள் கிளம்பியது அது ஒருமுறைதான்.

குழாயின் திறப்பில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாசலண்ணன் என்று கூப்பிடுவோம். உள்ளே இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல ஒரே வழி அவர் சுத்தியலால் குழாய்மேல் தட்டுவதுதான். எஃகு வழியாக அந்தச் சத்தம் வெகுதூரம் போகும். விடாமல் தட்டினால் உடனே வெளியே வா. இரண்டிரண்டாகத் தட்டினால் விளக்கை அணை. விளக்கை அணைப்பதும் வேலையில் ஒரு பங்குதான்: உள்ளே எல்லோரும் விளக்கை அணைத்து, டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை அசையாமல் உட்கார வேண்டும். எங்காவது ஊசித் துளை இருந்தால் வெளி வெளிச்சம் நட்சத்திரம்போல உள்ளே தெரியும்.

"என்னம்மா, பேய் துரத்தற மாதிரி ஓடி வர்ற?"

"அண்ணே, எவ்வளவு தூரத்துல இருக்காங்க?"

"இப்பத்தான் முதல் வளைவைத் தாண்டியிருப்பாங்க. ஏன், என்ன ஆச்சு?"

மூச்சு வாங்கியபடி சொன்னாள். வாசலண்ணன் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது. சுத்தியலை எடுத்தார். "வெளிய வரச் சொல்லிடறேன்."

"வேண்டாம்! ஓடி வருவாங்க. டார்ச்சு சுவத்துல இடிக்கும், கீழ விழும். ஒரு அடி பட்டாப் போதும்."

"அப்ப என்னதான் செய்ய?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உட்கார்ந்திருந்தால் டார்ச் தரையில் இருக்கும், கையில் இருக்காது. அசையாது.

"விளக்கணைக்கத் தட்டுங்க. நான் உள்ள போறேன்."

"நீயா?" வாசலண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் குழாய்க்குள் தலையைக்கூட நீட்டியதில்லை. "நான் வேணா போறேனேம்மா."

"உங்களுக்கு எதைப் பார்க்கணும்னு தெரியாதுண்ணே. தட்டுங்க."

டங்-டங். டங்-டங். அந்தச் சத்தம் முடியுமுன்பே அவள் ஏணியில் இறங்கிவிட்டாள்.

உள்ளே பாசி மணத்தது. அடியில் வடியாமல் நின்ற தண்ணீர் கணுக்கால்வரை சில்லிட்டது. அவளுடைய சின்ன டார்ச் முன்னால் ஒரு தட்டளவு இடத்தை மட்டுமே காட்டியது. தன் காலடியே முன்னும் பின்னும் எதிரொலித்து, வேறு யாரோ கூட நடப்பதுபோல இருந்தது. வழுக்கும் என்று மெதுவாகவும் நடக்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. இருட்டுக்குள் எந்த நொடியும் ஒரு சத்தம் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே போனாள். காது எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் சொட்டுவதுகூட வெடிப்பதுபோலத்தான் கேட்கும்.

வளைவைத் தாண்டியதும் குரல் வந்தது.

"யாருங்க அது, விளக்கை அணைக்கச் சொல்லிட்டு விளக்கோட வர்றது?"

"நான்தான்."

"அண்ணியா?" நாத்தனாரின் குரலில் உண்மையான அதிர்ச்சி. "உலகம் அழியப் போகுதுடா சாமி. எழுந்திரிங்க எல்லாரும், எங்க அண்ணி குழாய்க்குள்ள வந்துட்டாங்க!"

"யாரும் அசையாதீங்க. டார்ச்சு எங்க?"

"அதோ கீழ. ஏன்?"

டார்ச் சுவரோரமாக நின்றிருந்தது. சந்தேகக்கா அதன் அருகே மண்டியிட்டுப் புறங்கையால் தொட்டாள். இளஞ்சூடு. அணைத்த டார்ச்சில் இருக்க வேண்டிய சூடுதான். மற்ற இருவரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, யாரும் இல்லாத பக்கமாகப் பின்மூடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சிறுகச் சிறுகத் திருகிக் கழற்றினாள். மூன்று பேட்டரிகளையும் தனித்தனியே எடுத்து, தலையைச் சின்ன டார்ச்சின் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகத்தால் தடவினாள். உறைக்கு அடியில் வளையத்தின் விளிம்பு நகத்தில் இடறியது. ஒன்று. இரண்டு. மூன்றாவதிலும் இடறியது.

பச்சைக் குடும்பம் மூன்றுக்கும் வளையம் இருந்தது.

"என்ன அண்ணி, எனக்கு ஒண்ணும் புரியல. வந்ததுல இருந்து உங்க முகமே சரியில்ல. நீங்க தட்டச் சொன்னதால ஒரு நல்லது நடந்துச்சு பாருங்க. அதோ அந்த மூட்டுல ஒரு நட்சத்திரம் தெரிஞ்சுது. ஓட்டை. சாக்குக்கட்டியால குறிச்சுட்டு வந்துடறேன்."

சந்தேகக்கா சட்டென்று தலையை உயர்த்தினாள். "உதிரி டப்பாவைக் கொடு."

நாத்தனார் மேல்சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிட்டது. திறந்தாள். உள்ளே வரிசையாக, காய்ந்த வெள்ளைச் சாக்குக்கட்டிகள்.

"பேட்டரி எங்க?"

"சாக்குக்கட்டி நனைஞ்சா எழுத மாட்டேங்குது அண்ணி. டப்பா தண்ணி புகாததுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான்…"

"பேட்டரி எங்க?"

"பாக்கெட்லதான். தொடைப் பாக்கெட்டுல."

"அந்தப் பாக்கெட்டுல வேற என்ன இருக்கு?"

"விசில். வேற ஒண்ணுமில்ல."

விசிலுக்கு ஓர் எஃகுச் சங்கிலி உண்டு.

"சுடுதா?"

நாத்தனார் சிரிக்கப் போய், சிரிக்காமல் நின்றாள். "நடக்கும்போது அப்பப்ப எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுச்சு. குழாய்க்குள்ள எறும்பு ஏதுன்னு நினைச்சேன். நீங்க உட்காரச் சொல்லித் தட்டினதும்தான் அண்ணி ரொம்பக் கடிச்சுது. தாங்காம எழுந்து நின்னுட்டேன்."

சந்தேகக்கா எழுந்து அவளருகே போனாள். அவள் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்த தட்டுதான் இவளை உட்கார வைத்தது. உட்கார்ந்ததும் தொடை மடங்கி, சங்கிலியைப் பேட்டரியின் தலைமேல் வைத்து அழுத்தியிருக்கிறது. இப்போது பக்கத்தில் நின்றபோது கருகிய துணி வாசனை தெரிந்தது.

"நேரா நில்லு. காலை மடக்காதே. கையை உள்ள விடாதே."

"அண்ணி, என்னன்னு சொல்லுங்க. பயமா இருக்கு."

நாத்தனார் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

"ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்ல? நேரா நில்லு."

பாக்கெட்டின் மூடியைத் தூக்கினாள். சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இடது கையால் துணியை வெளிப்பக்கமிருந்து பிடித்து உடம்பை விட்டு விலக்கி இழுத்தாள். மேலே தெரிந்த விசிலைப் பிடித்து மெல்ல உயர்த்தினாள். சங்கிலி வந்தது. வரும் வழியில் எங்கோ பேட்டரியின் தலையில் பட்டு ஒரு நீலப்பொறி தெறித்தது. கண்ணி ஒன்று அவளுடைய ஆள்காட்டி விரலைச் சுட்டது. விடவில்லை. விட்டால் அது மறுபடி உள்ளே விழும். முழுவதும் வெளியே வந்ததும் தூர எறிந்தாள். தண்ணீரில் விழுந்து சுர்ரென்றது.

பிறகு ஒவ்வொன்றாகப் பேட்டரிகளை எடுத்தாள். முதலாவது இளஞ்சூடு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அவள் விரல் பொறுக்காத சூடு. அதன் தலையில் வெள்ளை உறை பழுப்பேறிச் சுருங்கி, ஓரத்தில் உலோகம் பல்லைக் காட்டியது. நகத்தால் தடவிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சேலைத் தலைப்பால் பிடித்துக் கொண்டுபோய், தண்ணீர் நிற்காத மேட்டில், எல்லோரும் போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கமாக நிறுத்தி வைத்தாள்.

"போங்க. எல்லாரும் போங்க. நடந்தே போங்க, ஓட வேண்டாம்."

அவர்கள் வெளியே வந்து வெகுநேரம் திறப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அந்தச் சத்தமின்மையை அவளால் நம்ப முடியவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது அவளே மணல் வாளியோடு போய், ஆறிக் கிடந்த அந்தப் பேட்டரியை மணலுக்குள் புதைத்து எடுத்து வந்தாள்.

நாத்தனாரின் தொடையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வெந்திருந்தது. சந்தேகக்காவின் விரலில் ஒரு கொப்புளம். அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கக்கூடியதை அவள் யாரிடமும் விவரித்துச் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் வந்து, தவறு யாருடையது என்று கேட்டார்.

"என்னுது" என்றாள் சந்தேகக்கா. வளையத்தை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"என்னுது சார். டப்பாவைக் காலி பண்ணினது நான்" என்றாள் நாத்தனார்.

"வீட்ல பாத்திரம் யார் கழுவறதுன்னா மட்டும் ரெண்டு பேரும் இப்படிப் போட்டி போட மாட்டீங்களே" என்றார் வாசலண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

வீட்டில் நாத்தனாரின் காயத்தில் சந்தேகக்கா பஞ்சால் மருந்தை அழுத்தி அழுத்தி ஒற்றினாள்.

"அண்ணி, நீங்க போடறதைவிட எறும்புக்கடியே தேவல."

"வாயை மூடு."

"நான் ஒண்ணு கேக்கட்டா? உட்காரத் தட்டாம, ஓடி வரத் தட்டியிருந்தா?"

"சுடாம இருந்திருக்கலாம். வெடிச்சும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"சந்தேகமா?"

சந்தேகக்கா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, நாத்தனாரின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

இப்போது வெள்ளை உறை விளக்கறைக்குள் வருவதில்லை. வளையங்களை ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிவைத்து எடுக்கிறாள். உறை போடுமுன் ஒவ்வொரு பேட்டரியையும் நிமிர்த்தி, தலையில் நகத்தை ஓட்டுகிறாள். சாக்குக்கட்டிக்கென்று ஒரு சிவப்பு டப்பா தனியாக வாங்கித் தந்திருக்கிறாள். விசில் சங்கிலிகள் போய்க் கயிறு வந்துவிட்டது.

இன்னொன்றும் மாறியது. அதை அவள் மாற்றவில்லை. காயம் ஆறி முதல் நாள் வேலைக்கு வந்த நாத்தனார், வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு டார்ச்சுக்குக் கை நீட்டவில்லை.

"கையைக் காட்டுங்க அண்ணி."

சந்தேகக்கா இரண்டு கைகளையும் ஜன்னல் வழியே நீட்டினாள். உள்ளங்கை, புறங்கை. பிறகு தானாகவே கைமடிப்பைப் பிரித்து உதறிக் காட்டினாள். நாத்தனார் தன் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக் காட்டினாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் தங்கள் முறை வந்தபோது அவர்களும் அப்படியே கேட்டார்கள், அப்படியே காட்டினார்கள். இன்றுவரை அதுதான் வழக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது என்ன சடங்கு என்று கேட்டால், நாங்கள் சுவர்ப் பள்ளத்தைக் காட்டுவோம். நாத்தனார் மட்டும், "எறும்புக்காக" என்பாள்.

சந்தேகக்கா இன்னமும் டார்ச்சை எரியவிட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். முன்னைவிட அதிக நேரம். இப்போது வரிசையில் யாரும் அவசரப்படுத்துவதில்லை.